சர்வரில் 60 நாள் பாக்கி, பிரவுசரில் காலாவதி

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிகூட ஆகவில்லை, சென்னிமலையில் போர்வைக் கடை வைத்திருக்கும் அண்ணனிடமிருந்து ஃபோன். "ஏனுங் தம்பி, நம்ம சைட்டைத் தொறந்தா செவப்பா ஒரு முக்கோணம் போட்டு, உங்க விவரத்தைத் திருடப் பாக்கறாங்கன்னு வருதுங்களே. பெங்களூர் பார்ட்டி போட்டோ புடிச்சு அனுப்பி, இது உங்க கடைதானான்னு கேக்கறாரு."

பல் துலக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். பூட்டுப் படத்தோடு ஹெச்டிடிபிஎஸ்ஸில் ஓடும் தளம் ஒவ்வொன்றும், இந்தப் பெயர் என்னுடையதுதான் என்று பிரவுசரிடம் காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதை லெட்ஸ் என்கிரிப்டிடமிருந்து இலவசமாக வாங்கிப் புதுப்பிக்கும் மென்பொருள்தான் செர்ட்பாட். சர்வருக்குள் போய் அதைக் கேட்டால், சான்றிதழ் நன்றாக இருக்கிறது, இன்னும் 60 நாள் பாக்கி என்கிறது. பிரவுசரில் பார்த்தால் நேற்று ராத்திரியே காலாவதி என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று புரிய எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் தேவையில்லாமல் புதிய சான்றிதழ் இரண்டு வாங்கினேன், தளத்தின் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸைக் குடைந்தேன், பிரவுசர் கேஷை அழித்தேன். எதுவும் உதவவில்லை.

செர்ட்பாட் தன் வேலையை ஒரு மாதத்துக்கு முன்பே முடித்திருந்தது. 90 நாள் சான்றிதழில் 30 நாள் மிச்சமிருக்கும்போது புதியதை வாங்கி, அதற்குரிய ஃபோல்டரில் எழுதி வைத்துவிட்டது. ஆனால் தளத்தைப் பிரவுசருக்கு எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. தொடங்கும்போது ஒருமுறை சான்றிதழை நினைவில் ஏற்றிக்கொள்ளும். யாராவது ரீலோட் செய்யும் வரை அதையே வருகிறவர்களிடம் நீட்டிக்கொண்டிருக்கும். புது ரேஷன் கார்டை பீரோவில் வைத்துவிட்டு, பழைய கார்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்ற மாதிரி. ரீலோட் என்று ஒரு வரி அடித்தேன், சைட் திறந்துவிட்டது.

அப்படியானால் அதற்கு முன்பு மூன்று தடவை புதுப்பித்தது மட்டும் எப்படிச் சரியாக நடந்தது? மாதத்துக்கு ஒருமுறை அப்டேட் போட்டு சர்வரை ரீபூட் செய்யும் பழக்கம் எனக்கு. அந்த ரீபூட்டில் புதியது தானாக ஏறியிருக்கிறது. அந்த மாதம் தங்கை கல்யாணம், சர்வர் பக்கமே போகவில்லை. எல்லாம் தானாக நடக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வேலையில் பாதியை, எனக்கே தெரியாமல் நானே கையால் செய்து வந்திருக்கிறேன்.

காலாவதி எச்சரிக்கை மெயில் வரவில்லையே என்று எரிச்சல்பட்டேன். வராதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் கணக்கில் அந்தப் பெயருக்குப் புதுச் சான்றிதழ் கொடுத்தாயிற்று. நான் அதை மாட்டினேனா இல்லையா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜூன் 4ஆம் தேதியோடு அந்த மெயில்களையே நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதை நம்பி இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் தேதியைச் சொல்கிறேன்.

இதில் கூடுதல் கொடுமை ஒன்று. எங்கோ படித்துவிட்டு ஹெச்எஸ்டிஎஸ் என்ற ஹெட்டரை ஒரு வருடக் கெடுவோடு போட்டு வைத்திருந்தேன். "இந்தத் தளத்துக்கு இனி ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் வா" என்று பிரவுசருக்குச் சொல்லிவைக்கும் ஹெட்டர் அது. அது இருந்தால், சான்றிதழில் கோளாறு வரும்போது "பரவாயில்லை, உள்ளே போ" என்ற வழியையும் பிரவுசர் அடைத்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன வாடிக்கையாளர் யாராலும் அன்றைக்கு உள்ளே நுழைய முடியவில்லை. நல்ல ஏற்பாடுதான், போடுங்கள். ஆனால் புதுப்பித்தல் இரண்டு மூன்று சுற்று தானாக நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். அதுவரை கெடுவை ஐந்து நிமிடமாக வைத்திருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் இரண்டு காரியம் செய்தேன். செர்ட்பாட்டின் அமைப்பு ஃபோல்டருக்குள் ரென்யூவல் ஹூக்ஸ் என்று ஒன்றும், அதற்குள் டிப்ளாய் என்று ஒன்றும் இருக்கும். அதில் போடும் ஸ்கிரிப்ட், புதுச் சான்றிதழ் வந்தால் மட்டும் ஓடும். என்ஜின்எக்ஸ் ரீலோட் என்ற ஒரே வரியை அதில் எழுதினேன். செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் பிளகினை வைத்து வாங்குபவர்களுக்கு ரீலோடும் சேர்ந்தே நடந்துவிடும். என்னைப் போல சான்றிதழை மட்டும் தனியாக வாங்கி, கான்ஃபிகில் கையால் எழுதிக்கொள்பவர்கள்தான் மாட்டுவார்கள். இரண்டாவதாக, வீட்டில் சும்மா கிடந்த ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். தினமும் காலை ஆறு மணிக்கு நான் பார்த்துக்கொள்ளும் எல்லாத் தளங்களுக்கும் வெளியாள் மாதிரி போய்த் தட்டி, அங்கே நீட்டப்படும் சான்றிதழின் கடைசித் தேதியைப் படிக்கும். 20 நாளுக்குக் கீழே போனால் டெலிகிராமில் எனக்குச் சேதி வரும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ் கிளையன்ட் கட்டளையை வைத்து எழுதியதுதான், பத்து வரிகூட இல்லை. சர்வருக்குள் இருந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டது போதும்.

சரி, கொஞ்சம் பழைய கதை. 2015 வரைக்கும் ஒரு தளத்துக்கு எஸ்எஸ்எல், அதாவது இந்தச் சான்றிதழ்ப் பூட்டு, போடுவதென்றால் வாடிக்கையாளரிடம் தனியாகப் பணம் கேட்க வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் "அது இல்லாட்டியும் சைட் ஓடுதுங்களே" என்பார்கள். சாதாரண ஹெச்டிடிபியில் ஓடிய காலத்தில், மொபைல் டேட்டாவில் திறந்தால் அண்ணன் கடைப் பக்கத்தின் அடியில் யாரோ ஒருவரின் விளம்பரம் ஒட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் போட்டதல்ல, இணைய சேவை கொடுக்கும் நிறுவனம் நடுவழியில் செருகியது. "அதுக்குக் காசு நமக்கு வருமுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற ஏற்பாட்டை 2014 நவம்பரில் அறிவித்தார்கள். லாப நோக்கமில்லாத ஐஎஸ்ஆர்ஜி என்ற அமைப்பு நடத்துகிறது. முதல் சான்றிதழ் 2015 செப்டம்பரில். அந்த டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2018 ஜூலையில் வந்த குரோம் 68, ஹெச்டிடிபி தளங்கள் எல்லாவற்றையும் பாதுகாப்பற்றது என்று முகவரிப் பட்டையிலேயே எழுதத் தொடங்கியதும், அதுவரை வேண்டாம் என்றவர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. இந்தப் பெயர் என்னுடையது, சான்றிதழ் கொடு என்று நம் சர்வர் கேட்கிறது. அப்படியானால் இந்தச் சொல்லை உன் தளத்தில் இந்த இடத்தில் எழுதி வை, நான் வந்து பார்க்கிறேன் என்கிறது அவர்கள் சர்வர். வந்து பார்த்து, எழுதியிருந்தால் கொடுத்துவிடும். ஓடிபி மாதிரிதான். ஓடிபி வந்தால் அந்த சிம் உங்கள் கையில் இருக்கிறது என்று மட்டும் தெரியும், நீங்கள் நல்லவரா என்று தெரியாது. வங்கி பெயரில் போலித் தளம் நடத்துபவனும் இதே பூட்டை இலவசமாக வாங்கலாம். 2023இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இப்படி வந்து பார்க்கும் கட்டத்தில்தான் பெரும்பாலான தொல்லை.

முதல் தொல்லையை நானே அச்சடித்து விநியோகித்தேன் என்று சொல்லலாம். சான்றிதழை வெறும் டொமைன் பெயருக்கு மட்டும் வாங்கியிருந்தேன், முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வரும் பெயரைச் சேர்க்கவில்லை. அதைத்தான் ரீடைரக்ட் செய்திருக்கிறோமே என்று நினைப்பு. ஆனால் ஹெச்டிடிபிஎஸ்ஸில் ரீடைரக்ட் செய்வதற்கு முன்பே பிரவுசர் சான்றிதழைக் கேட்கும். பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கடையின் துணிப்பை ஒவ்வொன்றிலும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோடுதான் முகவரி அச்சாகியிருந்தது. ஒரே சான்றிதழில் 100 பெயர் வரை போடலாம் என்பதால் இரண்டையும் சேர்த்து வாங்க ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது ஐபிவி6, புது வகை ஐபி முகவரி. ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினேன். ஐபிவி4 முகவரியை மாற்றிவிட்டு, டிஎன்எஸ்ஸில் ஏஏஏஏ என்று இருந்த ஐபிவி6 வரியைக் கவனிக்காமல் விட்டேன். என் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை, அதனால் எனக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. லெட்ஸ் என்கிரிப்ட்டோ ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் நாடும். அது பழைய சர்வருக்குப் போய், எழுதி வைத்த சொல் அங்கே இல்லை என்று திரும்பியது. பிழைச் செய்தியில் அது போய்ப் பார்த்த முகவரி தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் கடைசி வரி வரை படிக்கவில்லை.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது ஃபயர்வால் விவகாரம். ஒரு தளத்தின் லாகின் பக்கத்தை வெளிநாட்டு ஐபிகள் இரவு பகலாக முட்டிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்தியாவில்தானே என்று, இந்தியாவையும் தேடுபொறிகளுக்காக அமெரிக்காவையும் விட்டுவிட்டு மற்ற நாடுகளை மொத்தமாக அடைத்தேன். நிம்மதியாக ஓடியது. 2024இல் ஒருநாள் ராஸ்ப்பெரி பையிடமிருந்து சேதி: 19 நாள். போய்ப் பார்த்தால் புதுப்பித்தல் பத்து நாளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்று தொடங்கும் ஒரு பிழை. 2020 முதலே லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதில்லை. நடுவழியில் யாராவது பாதையைத் திருப்பிவிட்டு ஏமாற்றக்கூடாது என்பதற்காக, உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்து பார்க்கும். அந்த இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டியபோது, நான் அடைத்து வைத்த நாடுகள் பக்கமிருந்து வந்தவை கதவில் முட்டித் திரும்பியிருக்கின்றன. எந்தெந்த ஐபியிலிருந்து வருவார்கள் என்ற பட்டியலையும் அவர்கள் வெளியிடுவதில்லை, வெளியிட்டால் அந்தப் பாதுகாப்புக்கு அர்த்தமில்லை.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு தப்பும் செய்தேன். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் நிஜச் சர்வரிலேயே மறுபடி மறுபடி கேட்டேன். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்வி, அதற்கு மேல் காத்திரு என்று சொல்லிவிட்டது. சோதனைக்கென்றே ஸ்டேஜிங் என்று தனிச் சர்வர் வைத்திருக்கிறார்கள். செர்ட்பாட்டில் டிரை ரன் என்று கொடுத்தால் அங்கேதான் போகும். கணக்கில் சேராது. எதையாவது மாற்றினால் முதலில் டிரை ரன் என்று விரலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. கடைசியில் சாதாரண ஹெச்டிடிபி வரும் 80ஆம் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டேன். அங்கே சரிபார்ப்புச் சொல் இருக்கும் அந்த ஒரு பாதை மட்டும் கிடைக்கும், மற்றதெல்லாம் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான 443க்குத் திரும்பும். நாடு பார்த்து அடைப்பது 443இல் மட்டும். எல்லாம் ஹெச்டிடிபிஎஸ் ஆகிவிட்டதே, 80 எதற்கு என்று மூடிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இன்னொரு கட்டுப்பாடு, அதே பெயர்களுக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான். மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரைக் கற்றுக்கொண்ட புதிதில், சான்றிதழ் இருக்கும் ஃபோல்டரை கன்டெய்னருக்கு உள்ளேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை கன்டெய்னரைப் புதிதாகக் கட்டும்போதும் அது மறந்துபோய்ப் புதிதாகக் கேட்டது. மதியத்துக்குள் ஐந்தும் தீர்ந்தது. அந்தப் பெயர்த் தொகுப்பில் இன்னொரு துணைப்பெயரை (சப்டொமைன்) சேர்த்துக் கேட்டு அப்போதைக்குத் தப்பித்தேன். தொகுப்பு மாறினால் கணக்கு வேறு. சான்றிதழ் ஃபோல்டரை வெளியே, கன்டெய்னர் போனாலும் அழியாத வால்யூமில் வைத்திருந்தால் இந்தத் திருட்டு வேலை தேவைப்பட்டிருக்காது.

துணைப்பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் வாங்கும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இது தெரியாமல், பாஸ்வேர்ட் போடாத ஒரு சோதனைத் தளத்துக்கு யாருக்கும் தெரியாத பெயர் வைத்துவிட்டதாக நினைத்துச் சான்றிதழ் வாங்கினேன். அந்தப் பெயரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள், வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் இருக்கிறதா என்று தேடி லாகில் நாற்பது வரி. சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே பாஸ்வேர்ட் போட்டுவிட வேண்டும், அல்லது துணைப்பெயர் எதுவும் வெளியே தெரியாதபடி, எல்லாத் துணைப்பெயர்களுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழான வைல்டு கார்டு வாங்கிவிட வேண்டும்.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புள்ளிக்குப் பின் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர் ஒன்றை ஒரு நண்பர் ஆசையாக வாங்கினார். தமிழில் அப்படியே கொடுத்தால் செர்ட்பாட் ஏற்காது. எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் பியூனிகோட் வடிவமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஒரு சிக்கலும் இல்லை, லெட்ஸ் என்கிரிப்ட் 2016இலிருந்தே இப்படிப்பட்ட பெயர்களுக்குத் தருகிறது. ஆனால் அதன் பிறகு ஃபோல்டர் பெயர், லாக், எச்சரிக்கைச் சேதி எல்லாவற்றிலும் அந்த வாய்க்குள் நுழையாத எழுத்துக் கூட்டம்தான் வரும். எது யாருடையது என்று டெலிகிராமில் பார்த்தால் தெரியாது. இப்போது ஸ்கிரிப்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

2021 செப்டம்பர் 30 வேறு மாதிரி நாள். அன்று காலாவதியானது நம் சான்றிதழ் அல்ல, அதற்கு மேலே, அதற்கும் மேலே இருந்த நம் சான்றிதழை நம்புவதற்கு அடிப்படையாக இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய வேர்ச் சான்றிதழ். தளங்கள் ஃபோனில் நன்றாகத் திறந்தன. ஆனால் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பில்லிங் சர்வர், நம் தளத்திலிருந்து ஆர்டர்களை இழுக்க முடியாது என்று அடம்பிடித்தது. அதிலிருந்த பழைய ஓப்பன்எஸ்எஸ்எல், புதிய வழி ஒன்று இருந்தும் பழைய வேரையே பிடித்துத் தொங்கியது. வேர்ச் சான்றிதழ்த் தொகுப்பை அப்டேட் செய்ததும் சரியானது. "சைட் தெறக்குது, பில்லு மட்டும் வரலை" என்று யாராவது சொன்னால் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

சர்வர் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கட்டும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ஆட்டோஎஸ்எஸ்எல் வசதி இருந்தால் இத்தனையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் அது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நான் முன்பு வைத்திருந்த ஒரு ஹோஸ்டிங்கில் அதை அணைத்து வைத்துவிட்டு, அதே வகைச் சான்றிதழை வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்றார்கள். கேட்டதற்கு, "இலவசம்னா செக்யூரிட்டி கம்மி சார்" என்றார் ஃபோன் எடுத்தவர். மறையாக்கம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த வருடமே மாறிவிட்டேன்.

இப்போது என் மண்டையைக் குடைவது நாள் கணக்கு. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களுக்கும் ஆயுளைக் குறைக்க 2025 ஏப்ரலில், சான்றிதழ் கொடுப்பவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் முடிவெடுத்துவிட்டது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், அடுத்த மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. லெட்ஸ் என்கிரிப்ட் அதற்கும் முன்பாக, 2028இல், 90ஐ 45 ஆக்கப்போகிறது. செர்ட்பாட் தினமும் இரண்டு தடவை தானாகப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் எனக்குக் கவலையில்லை. கவலை, பழைய சர்வர் ஒன்றில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி எப்போதோ எழுதிவைத்த கிரான் என்ற நேரக் கட்டளை. 90 நாளுக்கு அது போதும். 45 நாளுக்கு, அது எழுந்து பார்க்கும்போது தளம் இரண்டு வாரமாகச் செத்துக் கிடக்கும். அதைப் போன வாரம் தினசரியாக மாற்றினேன்.

மீதி இரண்டு வைல்டு கார்டுகள். வைல்டு கார்டுக்கு டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி வரி எழுதித்தான் நிரூபிக்க முடியும். இரண்டையும் இத்தனை வருடமாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன், காலண்டரில் வட்டம் போட்டு. டிஎன்எஸ்ஸில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் வரி ஒன்று போட்டு, சரிபார்ப்புப் பெயரை மட்டும் ஏபிஐ (ஸ்கிரிப்டே உள்ளே எழுதிக்கொள்ளும் வசதி) உள்ள வேறு டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிவிட்டால் அதன் பிறகு கை வைக்கவே வேண்டாம். ஒன்றை முடித்துவிட்டேன். இன்னொன்றின் டொமைன் கணக்கு, கடையில் முன்பு வேலை பார்த்த அக்கவுண்டன்ட் பெயரில் இருக்கிறது, ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகும். கூப்பிட்டேன். "தறியில நிக்கறனுங் தம்பி, திங்கக்கெழம பண்ணுங்க" என்றார்.